கனேடிய அனுபவம் இருக்கிறதா?

தொலைபேசி அடிக்கும். எடுத்தால் மறுமுனையில் ஒரு பெண் கதைக்கத் தொடங்கி, என் பெயர் வர வேண்டிய இடத்தில் நின்றுவிடுவார். தாள் புரளும் சத்தம் கேட்கும். முதல் இரண்டு எழுத்தையும் சொல்லிப் பார்ப்பார், பிறகு ஒரு சின்னச் சிரிப்பு. நான் முந்திக்கொண்டு "ஓம், அது நான்தான்" என்பேன். அவருக்கு அது பெரிய ஆறுதல். எனக்கும்தான். ஏனென்றால் 2007ஆம் ஆண்டு முழுவதும் சேர்த்து வேலை நேர்முகத்துக்கு எனக்கு அப்படி வந்த அழைப்புகள் மூன்றே மூன்று.

ஆங்கிலத்தில் எழுதினால் என் பெயருக்கு 14 எழுத்து. அப்பாவின் பெயர் அதைவிட நீளம். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, கடவுச்சீட்டில் அந்தக் கட்டத்தில் அப்பாதான் இருக்கிறார். சில நிறுவனங்களின் விண்ணப்பப் படிவத்தில் கட்டம் நிறைந்து, அப்பா பாதியில் வெட்டுப்பட்டு நிற்பார்.

கொழும்பில் ஆறு வருடம் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தேன். மாதக் கடைசியில் கணக்கை மூடுவது, வரி, வெளியிலிருந்து வரும் கணக்காய்வாளருக்குப் பதில் சொல்வது எல்லாம் என் கையால் நடந்தவை. 2006 நவம்பரில் ரொறன்ரோ வந்து, ஸ்காபரோவில் லோரன்ஸ் வீதிப் பக்கம் ஒரு பேஸ்மென்றில் குடியேறினோம். மூன்றாம் கிழமையே ஏஜென்சி மூலம் ஒரு பேக்கரி பக்டரியில் வேலை கிடைத்தது. மணிக்கு 7 டொலர் 75 சதம், ஒன்ராறியோவில் அப்போதைய ஆகக் குறைந்த சம்பளம். ஓடிவரும் பட்டியிலிருந்து மஃபினை எடுத்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். எனக்குப் பக்கத்தில் நின்றவர் மணிலாவில் பல் வைத்தியராக இருந்தவர். எதிரில் நின்றவர் லாகூரில் பௌதிகவியல் படிப்பித்தவர். எங்கள் மேற்பார்வையாளர் மட்டும் இங்கே பிறந்த பெடியன், 22 வயது. நல்ல பிள்ளைதான், குறை சொல்ல முடியாது.

இரவில் வந்து விண்ணப்பம் அனுப்புவேன். ஒரு கொப்பியில் கோடு போட்டு நிறுவனம், திகதி, பதில் என்று எழுதிவைத்தேன். பதில் என்ற நிரல் வெள்ளையாகவே கிடந்தது. என் கணவருடைய பெரியப்பாவின் மகன் 1989இல் வந்தவர், நான் அத்தான் என்று கூப்பிடுவேன். அவர் என் ரெசுமேயைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, முதலில பேரை வெட்டு. பிறகு கொழும்பைக் கீழ தள்ளு" என்றார். "பேரை வெட்டலாம் அத்தான், ஆறு வருசத்தை எப்பிடித் தள்ளுறது?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அவர் யாழ்ப்பாணத்தில் படிப்பித்தவர், இங்கே 11 வருடம் டாக்சி ஓடினவர்.

2008 ஜனவரியில் பெயரை நாலு எழுத்தாக்கினேன். அதே படிப்பு, அதே ஆறு வருடம், அதே எழுத்துரு. இரண்டு மாதத்தில் ஐந்து அழைப்புகள். இதை நான் ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன், தற்செயலாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அதே காலத்தில், அதே நகரத்தில், பிலிப் ஒரியோபொலஸ் என்ற பொருளியல் பேராசிரியர் அதையே முறையாகச் செய்துகொண்டிருந்தார் என்பது எனக்குப் பல வருடத்துக்குப் பிறகுதான் தெரியவந்தது. அவர் இல்லாத ஆட்களின் பெயரில் ஆயிரக்கணக்கான ரெசுமேக்களை ரொறன்ரோ நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார். ஆங்கிலப் பெயரும் கனேடியப் படிப்பும் அனுபவமும் உள்ளவர்களுக்கு 100க்கு 16 பேர் வீதம் அழைப்பு வந்தது. சீன, இந்திய, பாகிஸ்தானியப் பெயரோடு படிப்பும் அனுபவமும் வெளிநாட்டில் என்றால் 100க்கு 5. அதே வெளிநாட்டு ரெசுமேயில் அனுபவத்தை மட்டும் கனேடியதாக மாற்றினால் 11.

அந்த ஆய்வில் என்னை நிறுத்தி வைத்தது இன்னொரு வரி. பிரிட்டனிலிருந்து வந்த விண்ணப்பதாரருக்கும் இங்கேயே பிறந்த ஆங்கிலப் பெயர்க்காரருக்கும் வித்தியாசமே இருக்கவில்லையாம். அப்படியென்றால் லண்டனில் வேலை செய்த அனுபவம் கனேடிய அனுபவத்துக்குச் சமம், கொழும்பு அனுபவம் சமமில்லை. கணக்குப் பதியும் முறை எங்களுக்கு வெள்ளைக்காரன் தந்ததுதான், இருந்தும்.

பெயரை வெட்டலாமா என்று இப்போதும் புதிதாக வந்தவர்கள் கேட்கிறார்கள். வாடகை கட்ட வேண்டிய மாதத்தில் இருப்பவருக்கு நான் மானத்தைப் பற்றிப் பாடம் எடுக்க மாட்டேன். ரெசுமேயில் கூப்பிடும் பெயரைப் போடுவது சட்டப்படி பிழையில்லை. வேலை உறுதியாகி, பின்னணிச் சோதனைக்கும் சம்பளக் கணக்குக்கும் கேட்கும்போது கடவுச்சீட்டுப் பெயரைக் கொடுத்தால் போதும். ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். "எல்லா இனத்தவரையும் வரவேற்கிறோம்" என்று விளம்பரத்தின் அடியில் எழுதியிருக்கிறது, அங்கே ஒளிக்கத் தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2016இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஆசியர்கள் பெயரையும் தங்கள் சமூகச் சங்க வேலைகளையும் மறைத்தபோது 21 வீதம் அழைப்பு வந்தது, மறைக்காதபோது 11.5 வீதம். கறுப்பின விண்ணப்பதாரருக்கு மறைத்தபோது 25 வீதம், மறைக்காதபோது 10 வீதம். பன்முகத்தன்மை பற்றி விளம்பரத்தில் எழுதிய நிறுவனங்களும் எழுதாத நிறுவனங்களும் அதில் ஒரே மாதிரித்தான் நடந்துகொண்டன. அந்த வரியை நம்பி மறைக்காமல் அனுப்பியவர்களுக்குத்தான் நட்டம்.

சரி, நேர்முகத்துக்கு வருவோம். ஐந்தில் நாலு இடத்தில் ஒரே கேள்வி: "கனேடிய அனுபவம் இருக்கிறதா?" ஓரிடத்தில் நான் மனதில் பட்டதைச் சொன்னேன். "இருக்கிறது, ஒரு வருடத்துக்கு மேலாகக் கனடாவில்தான் வேலை செய்கிறேன், பக்டரியில்." அவர் சிரித்தார். அது கணக்கில் வராதாம். பக்டரியில் நான் கனடாவில் இல்லாமல் வேறு எங்கே நின்றேன் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டு வந்தேன்.

கடைசியாகப் போன இடத்தில் அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லவில்லை. "எந்த வேலையை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டேன். அந்த அம்மா கொஞ்சம் யோசித்து, "ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யத் தெரிய வேண்டும், எங்கள் மென்பொருள் தெரிய வேண்டும்" என்றார். மாலை வகுப்பில் ஜிஎஸ்டி படித்திருந்தேன், கையோடு கொண்டுபோயிருந்த பயிற்சித் தாளை மேசையில் வைத்தேன். மென்பொருளுக்கு இரண்டு கிழமை கேட்டேன். வேலை கிடைத்தது. 'கனேடிய அனுபவம்' என்பது புகை மாதிரி, அதோடு வாதாட முடியாது. அதை ஒரு குறிப்பிட்ட வேலையாகச் சொல்ல வைத்தால் அதற்குப் பதில் சொல்லலாம். சொல்ல முடியாமல் தடுமாறினார்கள் என்றால், அங்கே தேடுவது வேறு எதையோ என்று உங்களுக்கும் விளங்கிவிடும்.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு, கனேடிய அனுபவம் கட்டாயம் என்று கேட்பது முதற்பார்வையிலேயே பாகுபாடுதான் என்று 2013இல் கொள்கை வெளியிட்டது. 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பொது வேலை விளம்பரத்தில் அப்படிக் கேட்கவே கூடாது. சம்பள வீச்சையும் போட வேண்டும், நேர்முகத்துக்கு வந்தவருக்கு 45 நாளுக்குள் முடிவு எடுத்தாயிற்றா இல்லையா என்று சொல்ல வேண்டும். விளம்பரத்திலும் அதோடு வரும் விண்ணப்பப் படிவத்திலும்தான் கேட்கக் கூடாது, நேர்முக அறையின் கதவைச் சாத்திய பிறகு என்ன நடக்கும் என்பது வேறு கதை. ஆனாலும் நான் அந்தக் கொப்பியை வைத்துக்கொண்டு இருந்த காலத்தில் இதுகூட இருக்கவில்லை.

உள்ளே போவதைவிட மேலே போவதுதான் கஷ்டம் என்பது எனக்கு விளங்கப் பிறகும் ஏழு வருடம் எடுத்தது. 2012இல் வேறொரு நிறுவனத்துக்கு மாறினேன், பொருள் விநியோகம் செய்யும் தனியார் நிறுவனம். இரவில் படித்துக் கணக்காளர் பட்டயத்தையும் முடித்திருந்தேன். எங்கள் தளத்தில் 19 பேர். கணக்கு எழுதும் மேசைகளில் தமிழர், சீனர், பிலிப்பினோ, கயானாக்காரர் என்று உலகமே இருந்தது. கண்ணாடி அறைகள் நாலு, நாலிலும் இருந்தவர்களை நான் விவரிக்கத் தேவையில்லை.

2015இல் எங்கள் பிரிவு மனேஜர் விலகினார். அந்த இடத்துக்கு நான் விண்ணப்பித்தேன். என்னிடம் இரண்டு வருடத்துக்கு முன் வேலை பழகிய ஒருவரும் விண்ணப்பித்தார். வெள்ளைக்காரப் பெடியன், கெட்டிக்காரன், மாதக் கணக்கு மூடும் நாளில் மட்டும் இரவு எட்டு மணிக்கு என்னிடம் வந்து நிற்பான். அவனுக்குக் கொடுத்தார்கள். என்னைக் கூப்பிட்டுச் சொன்ன இயக்குநர் மிகவும் அன்பாகத்தான் சொன்னார். "உங்கள் வேலையைப் பற்றி ஒரு குறையும் இல்லை. நீங்கள் இல்லாவிட்டால் இந்தப் பிரிவு ஓடாது. ஆனால் தலைமைக்கு ஒரு தோற்றம் வேண்டும், குழுவோடு ஒத்துப்போகிற ஒரு தன்மை." எனக்கு அந்த இடத்தில் ஒரு வார்த்தையும் வரவில்லை. நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்! அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல்தான் கோபம்.

அந்த 'ஒத்துப்போகிற தன்மை' எங்கே உருவானது என்று பிறகு யோசித்தேன். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அவர்கள் பக்கத்துப் பப்புக்குப் போவார்கள். நான் நாலு ஐந்துக்கு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன், பிள்ளையைப் பராமரிப்பு நிலையத்தில் ஆறு மணிக்குள் எடுக்காவிட்டால் நிமிடத்துக்கு ஒரு டொலர் தண்டம். யாரும் என்னை வராதே என்று சொல்லவில்லை. கதிரை ஒன்று அங்கே காலியாகத்தான் இருந்திருக்கும். அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களுக்குள் அடுத்த மனேஜர் யார் என்று எழுத்தில் இல்லாத ஒரு தேர்வு நடந்து முடிந்திருந்தது. நான் பரீட்சை என்று நினைத்துப் போனது பெறுபேறு வாசிக்கும் கூட்டத்துக்கு.

எங்கள் ஆட்களிடம் சொன்னால், "நீ வாயைத் திறந்து கேட்டிருக்க வேணும், எங்கட வளர்ப்பு அப்பிடி" என்றார்கள். அதில் பாதி உண்மை. வேலையை ஒழுங்காகச் செய், மிச்சம் தானாக வரும் என்று சொல்லித்தான் அம்மா வளர்த்தா. ஆனால் அந்தப் பெடியனும் வாயைத் திறந்து கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. அவனைப் போய்க் கேட்டார்கள்.

ஆறு மாதம் கழித்து ஒரு தோழி சொல்லித்தான் குறிப்பு எழுதத் தொடங்கினேன். திகதி, யார், எந்த இடம், சொன்ன சொற்கள் அப்படியே. என் கருத்தை அதில் கலக்கவில்லை. அலுவலகக் கணினியில் எழுதவில்லை, வீட்டுக் கொப்பியில். முக்கியமான எந்தக் கதைக்குப் பிறகும் அன்றே ஒரு மின்னஞ்சல்: "இன்று நீங்கள் சொன்னதை நான் இப்படி விளங்கிக்கொண்டேன், பிழையென்றால் திருத்துங்கள்." அடுத்த பதவிக்கு என்னிடம் என்ன குறை, அதை எதை வைத்து அளப்பீர்கள் என்று எழுத்தில் கேட்டேன். மூன்று கிழமை கழித்து வந்த பதிலில் "தொடர்பாடல்" என்று ஒரே ஒரு சொல். எந்த இடத்தில், யாருக்கு விளங்கவில்லை என்று திரும்பக் கேட்டேன். அதற்குப் பதில் வரவேயில்லை. அந்தப் பதிலில்லாத மின்னஞ்சல்தான் பிறகு சட்டத்தரணி முதலில் கேட்ட தாள்.

ஆனால் நான் போனது பிந்தி. ஒன்ராறியோவில் மனித உரிமை நடுவர் மன்றத்துக்கு முறைப்பாடு செய்யச் சம்பவம் நடந்து ஒரு வருடம்தான் அவகாசம், தொடர்ச்சியான சம்பவம் என்றால் கடைசிச் சம்பவத்திலிருந்து. நான் இலவச ஆலோசனை தரும் மனித உரிமைகள் சட்ட உதவி மையத்துக்குத் தொலைபேசி எடுத்தபோது 14 மாதம் ஓடிவிட்டது. பிந்தியதற்கு நல்ல காரணம் காட்டினால் ஏற்கலாம், ஆனால் 'யோசித்துக்கொண்டிருந்தேன்' என்பது அப்படிப்பட்ட காரணம் இல்லையாம். அங்கே கதைத்தவர் இன்னொன்றும் சொன்னார்: மொழி என்பது சட்டத்தில் தனியான ஒரு காரணமாக இல்லை, ஆனால் உச்சரிப்பை வைத்து ஒதுக்கினால் அதைப் பிறந்த இடம், இனம் என்பவற்றோடு சேர்த்துப் பார்க்கலாம். இதை நான் 2015இல் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வங்கி, தொலைத்தொடர்பு, விமான சேவை போன்ற இடங்களில் வேலை செய்பவர்கள் மாகாணத்திடம் போகக் கூடாது, அவர்களுக்கு மத்திய அரசின் ஆணைக்குழு. அங்கேயும் ஒரு வருடம்தான். முறைப்பாடு செய்வதா இல்லையா என்பது உங்கள் முடிவு, ஆனால் அந்த முடிவை எட்டாம் மாதத்துக்குள் எடுத்துவிடுங்கள்.

2017இல் மத்திய அரசின் சட்டத்துக்கு உட்பட்ட ஒரு நிறுவனத்துக்கு மாறினேன். சேர்ந்த அன்றே ஒரு படிவம் வந்தது: நீங்கள் பெண்ணா, பூர்வகுடியா, உடற்குறை உள்ளவரா, 'கண்ணுக்குத் தெரியும் சிறுபான்மை'யா, அதாவது வெள்ளையரும் பூர்வகுடியும் அல்லாதவரா. வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின்படி வரும் படிவம் அது; 1984இல் நீதிபதி ரொசாலி அபெல்லா கொடுத்த அறிக்கையிலிருந்து பிறந்து, 1986இல் முதலில் வந்து, 1995இல் புதிதாக இயற்றப்பட்ட சட்டம். நிரப்பினால் சலுகையில் வந்தவள் என்று நினைப்பார்களோ என்று எங்கள் ஆட்கள் பலர் வெறுமையாக விடுகிறார்கள். நான் நிரப்பினேன். அது எண்ணிக்கை எடுக்கத்தான். யார் எந்தப் படியில் இருக்கிறார்கள், எத்தனை பேருக்குப் பதவி உயர்வு கிடைத்தது என்று நிறுவனம் வருடாவருடம் அரசுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும், அதைப் பொதுமக்களும் பார்க்கலாம். நேர்முகத்துக்குப் போகுமுன் அதை ஒருக்கால் எடுத்துப் பாருங்கள். கீழ்ப்படியில் கூட்டமும் மேல்படியில் வெறுமையும் என்றால், விளம்பரத்தில் உள்ள சிரித்த முகங்களைவிட அந்த அட்டவணை கனக்கச் சொல்லும்.

இங்கே எனக்கு மனேஜர் பதவி கிடைத்தது. அந்த நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள், எல்லாருக்கும் ஒரே ஏழு கேள்வி, ஒவ்வொரு பதிலுக்கும் அவரவர் தனித்தனியாகப் புள்ளி போட்ட பிறகுதான் தங்களுக்குள் கதைத்தார்கள். வரண்ட முறைதான். ஒருவரும் என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. வெளியே வந்தபோது கிடைக்காது என்றே நினைத்தேன்.

2019இல் நானே அந்த மேசையின் மற்றப் பக்கத்தில் இருந்தேன். நைஜீரியாவிலிருந்து வந்த ஒருவர், லேகோஸில் ஒன்பது வருட அனுபவம். நல்ல பதில்கள். நான் தொடர்பாடலுக்கு ஐந்துக்கு இரண்டு போட்டேன். பக்கத்தில் இருந்த சக ஊழியர், ஒரு பஞ்சாபிப் பெண், என் தாளைப் பார்த்துவிட்டு, "எந்தப் பதில் உங்களுக்கு விளங்கவில்லை?" என்று கேட்டார். என் குறிப்பைப் பார்த்தேன். ஏழு பதிலையும் வடிவாக எழுதியிருந்தேன், ஒன்றும் விளங்காமல் போகவில்லை. புள்ளியைத் திருத்தினேன். என் காது சிவந்திருக்கும், ஆனால் எங்கள் நிறத்தில் அது வெளியே தெரியாது. அவர் தேர்வானார், ஆனால் எங்கள் நிறுவனம் கடிதம் அனுப்ப இரண்டு கிழமை எடுத்ததில் அவர் வேறிடத்தில் சேர்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு "எங்கட பெடியன் ஒருத்தன் இருக்கிறான், பார்த்துச் செய் பிள்ளை" என்று வரும் அழைப்புகளுக்கு எனக்கு ஒரே பதில்: ரெசுமேயை இணையத்தில் போடச் சொல்லுங்கோ, நேர்முகத்துக்கு எப்படித் தயாராவது என்று எவ்வளவு நேரமும் சொல்லித் தாறன். சிலருக்கு என்மேல் கோபம். ஆனால் எங்கள் ஆட்கள் நடத்தும் கடைகளிலும் அலுவலகங்களிலும் முதற் கேள்வி "எந்த ஊர்?" என்றுதான் வருகிறது. அந்தக் கேள்விக்குப் பின்னால் என்ன தேடுகிறார்கள் என்று யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2023இல் சாதிப் பாகுபாட்டைப் பற்றியும் நிலைப்பாடு வெளியிட்டிருக்கிறது. எங்கள் பத்திரிகைகளில் கனேடிய அனுபவம் பற்றி வந்த அளவுக்கு அதைப் பற்றி யாரும் எழுதி நான் காணவில்லை.

2021இல், வீட்டிலிருந்து வேலை செய்த காலத்தில், மின்னஞ்சலின் அடியில் இருந்த நாலு எழுத்தை எடுத்துவிட்டு 14 எழுத்தையும் போட்டேன். பெரிய துணிச்சல் ஒன்றும் இல்லை, மகள் பள்ளிக்கூடப் படிவம் ஒன்றைப் பார்த்துவிட்டு "அம்மா, உங்களுக்கு ரெண்டு பேரா?" என்று கேட்டாள், அவ்வளவுதான். அடுத்த நாள் காலை, நாலு வருடமாகக் கிழமைக்கு இரண்டு தரமாவது எனக்கு எழுதிக்கொண்டிருந்த கொள்வனவுப் பிரிவு மனிதரிடமிருந்து பதில் வந்தது. குழுவுக்கு உங்களை அன்போடு வரவேற்கிறேன், உங்கள் இடத்தில் முன்பு இருந்தவர் எங்கே போய்விட்டார், அவரிடம் ஒரு கணக்கு முடிக்காமல் கிடக்கிறது என்று எழுதியிருந்தார்.

அவர் எங்கும் போகவில்லை, அந்தக் கணக்கை வியாழக்கிழமைக்குள் அனுப்பிவிடுவார் என்று பதில் போட்டேன்.